அண்ணன் 18 வருடமாகக் குடிக்கிறார், வீட்டிலேயே வைத்து நிறுத்தலாமா?

எல்லைத்தம்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் குடியிருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பதும் தமிழ் மீடியத்தில்தான்.

அண்ணனுக்கு 44 வயது. கள் இறக்கும் தொழில். காலையும் சாயங்காலமும் மரம் ஏறிப் பாளை சீவுகிறார். குடிக்க ஆரம்பித்து 18 வருடம் இருக்கும். முன்பெல்லாம் வேலை முடிந்த பிறகுதான் குடிப்பார். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே கை நடுங்குகிறது. நேற்றைய கள்ளில் ஒரு சொம்பு உள்ளே போனால்தான் மரத்தைப் பிடிக்க முடிகிறது. பொழுதுக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் கள், ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. கேரளத்தில் மாதம் பிறக்கும் ஒன்றாம் தேதி மதுக்கடை லீவு. அன்றைக்கு டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுவார். அந்தப் பக்கம் மூடியிருந்தால் இந்தப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது.

அண்ணி குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன் ஆடு வாங்கத்தான். ஆடு வந்தது, மூன்றே மாதத்தில் விற்றும் போனது. பெரியவள் பத்தாவது படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

இப்போது மாமாமார் எல்லோரும் கூடி, தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) ஒரு வாரம் பூட்டி வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு பயம். போன வருடம் அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றே குடியை விட்டார். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சாமி குத்தம் என்று சொல்லி மாலையைக் கழற்றினார்கள், மறுநாளே குடித்தார், சரியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் நார்மல் என்று சொன்னார்கள். பூட்டி வைக்கலாமா, வேண்டாமா?

தோப்புக்காரர்_ஆனைமலை

தம்பி, கள்ளை இதில் சேர்க்காதீர்கள். எங்கள் தாத்தா 80 வயது வரை கள் குடித்தவர், ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. உடம்பைக் கெடுப்பது அந்த பிராந்திதான். அதை மட்டும் நிறுத்துங்கள், கள் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 1987இல் கள்ளைத் தடை செய்துவிட்டுக் குவார்ட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள், அதன் பலனைத்தான் இன்றைக்கு அனுபவிக்கிறோம்.

வார்டு_சிஸ்டர்

எல்லைத்தம்பி, தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், இது முதலில்.

நான் 15 வருடம் மெடிசின் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். நீங்கள் எழுதியது சாமி குத்தம் இல்லை. குடியைத் திடீரென்று விட்டதால் வந்த வலிப்பு. மது மூளையை மந்தமாக்கும். வருடக்கணக்கில் தினமும் அது உள்ளே போனால், மூளை அதைச் சமாளிக்கத் தன்னை எப்போதும் முறுக்கேற்றி வைத்துக்கொள்ளும். சரிவில் நிற்கும் பார வண்டிக்குச் சக்கரத்தடியில் கல் வைத்த மாதிரி அந்தக் குடி நிற்கிறது. கல்லை ஒரே இழுப்பில் உருவினால் வண்டி என்ன ஆகும்?

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும்தான் பெரிய ஆபத்து. அதை ஜன்னி என்பார்கள். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும், எங்கே இருக்கிறோம் என்று புரியாது, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிர் போகும். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை இன்னும் மோசமாக வர வாய்ப்பு அதிகம். உங்கள் அண்ணன் அந்த வகை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. தினமும் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, குடலும் அந்த வைட்டமினை உறிஞ்சாது. அது வற்றிப்போன உடம்பில் முதலில் குளுக்கோஸை ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கலாம். அதனால் ஊரில் யாரிடமாவது போய் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பா இருக்கும்' என்று கேட்காதீர்கள்.

சேர்க்கும் வரை அவராகக் குடிக்கும் அளவை நீங்கள் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். சொல்லவே கசக்கிறது, ஆனாலும் அதுதான் பத்திரம்.

பதினோராவது_வருடம்

சிஸ்டர் சொல்வது அப்படியே உண்மை. நான் கோவைக்காரன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை மூடியபோது எத்தனை வீட்டில் இது நடந்தது! கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவே போட்டது, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வாரங்களில் என்னைப் போல் குடியை விட்டவர்கள் ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக 'ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

தம்பி, உங்கள் அண்ணன் காலையில் குடிப்பது போதைக்கு இல்லை. அந்த ஐந்து மணி எனக்குத் தெரியும். டம்ளரை ஒரு கையால் பிடித்தால் பாதி சிந்திவிடும் என்பதால் துண்டைக் கழுத்தில் போட்டு, ஒரு முனையால் டம்ளர் பிடித்த கையைக் கட்டி, மறுமுனையை இழுத்து வாய்க்குக் கொண்டுவந்தவன் நான். அதைக் கொழுப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மருதமலை_பக்தன்

ஒரு பொடி இருக்கிறது நண்பரே. சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியைப் பார்த்தாலே வாந்தி வரும். எங்கள் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள்.

வார்டு_சிஸ்டர்

வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் இது ஆளைக் கொல்லும். அப்படி வேலை செய்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்ற மருந்து. மது ஈரலில் உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற விஷமாகி, பிறகுதான் தீங்கில்லாத பொருளாக மாறும். இந்த மருந்து நடுவில் அந்த விஷத்தைத் தேக்கி வைக்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். விவரம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது உதவும். தெரியாமல் கொடுத்தால், வழக்கம்போல் இரண்டு லிட்டர் குடித்துவிட்டு மரத்து உச்சியில் இருக்கும்போது மயக்கம் வரும். ஈரல் கெட்டவருக்கு அந்த மருந்தே ஈரலைக் கெடுக்கவும் செய்யும். டிவியில் விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

கம்பம்_மகேஸ்வரி_அக்கா

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவில். வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். காலையில் தொழிலாளிகளோடு மலை ஏறுவார், திரும்பும்போது கையில் பாட்டில்.

அவருக்கும் ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று வருடம் குடித்தார். எனக்கு டாக்டர்கள்மேல் கோபம் இல்லை. பாதியைத்தான் அவர்களிடம் சொன்னோம், 'எப்போதாவது குடிப்பார்' என்று நானே பொய் சொல்லியிருக்கிறேன். முதலில் கால் வீங்கியது. பிறகு வயிறு. நிறைமாதக்காரி மாதிரி வயிறு, குச்சி மாதிரி கை. ஊசி குத்தி ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள், பத்தாம் நாள் திரும்ப அதே அளவு. ராத்திரி தூங்காமல், பகலில் தூங்கி, என்னை யாரென்று கேட்டார். ஈரல் வேலை செய்யாமல் ரத்தத்தில் சேரும் கழிவு மூளைக்கு ஏறுவதால் அப்படி என்றார்கள். மலம் நன்றாகப் போக ஒரு சிரப் கொடுத்தார்கள், போனால் புத்தி தெளியும், போகவில்லை என்றால் மறுபடி குழம்பும். ஒரு மனுசனுடைய புத்தி அப்படி ஒரு சிரப்பில் நின்றது.

கடைசியில் ரத்த வாந்தி. ஈரல் கல்லாகிப் போனால் அதற்குள் போக வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களில் திரும்பி, அவை பருத்து வெடிக்குமாம். ஒரு பிளாஸ்டிக் வாளி. அவ்வளவுதான் சொல்வேன். அவருக்கு வயது 46.

இழவுக்கு வந்தவர்கள் பந்தலுக்குப் பின்னாடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகுதான் கடன் எவ்வளவு என்று தெரிந்தது. மகன் ஒன்பதாவதோடு நின்றான். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் குடிகாரன் வீடு என்று திரும்பிப் போனார்கள், குடித்தவர் செத்த பிறகும். எல்லைத்தம்பி, உங்கள் அண்ணியைக் கேட்டுப் பாருங்கள், அவள் தூங்கி எத்தனை வருடம் என்று.

எல்லைத்தம்பி

அக்கா, படித்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டேன். நன்றி.

சிஸ்டர், ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லையா?

வார்டு_சிஸ்டர்

இல்லை. ஈரல் தழும்பு விழுந்து சுருங்கிய பிறகும் அந்த எண்கள் நார்மலாக இருக்கலாம். பரிசோதனைத் தாளில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எவ்வளவு, ஈரல் நொதிகளில் எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்கு இருக்கிறதா, ஜிஜிடி என்ற இன்னொரு நொதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஸ்கேனும் வேண்டும்.

தோப்புக்காரர் ஐயாவுக்கும் சேர்த்து ஒரு கணக்கு. 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் சுத்தமான மது 61 கிராம். கள் 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு லிட்டரில் 40 கிராம், இரண்டு லிட்டரில் 80. ஆக, எல்லைத்தம்பியின் அண்ணனுக்கு உள்ளே போகும் மதுவில் பாதிக்கு மேல் கள்ளில் இருந்துதான் வருகிறது. தினமும் 60 கிராமுக்கு மேல் தொடர்ந்து குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்பு படியும். அந்தக் கட்டத்தில் விட்டால் ஈரல் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டித் தழும்பு விழுந்தால் முழுக்கத் திரும்பாது.

தோப்புக்காரர்_ஆனைமலை

சிஸ்டர், கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கள்ளைக் குறை சொல்லும்போது இந்தத் தொழிலை நம்பிய விவசாயி வயிற்றில் அடிக்கிறீர்கள். தாத்தா குடித்தது அன்றன்றைக்கு இறக்கியது, ஒரு சொம்பு, அதுவும் சோறு தின்ற பிறகு.

வார்டு_சிஸ்டர்

ஒரு சொம்பு குடித்த தாத்தாவைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே கேட்டிருப்பது காலை ஐந்து மணிக்கே குடிக்காமல் நிற்க முடியாத ஒருவரைப் பற்றி. அவருடைய ஈரலுக்குத் தென்னங்கள் எது, கரும்புப் பாகில் காய்ச்சிய பிராந்தி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. புற்றுநோயும் அப்படித்தான். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் 1988லேயே சேர்த்துவிட்டார்கள். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றின் ஆபத்து பல மடங்கு ஏறும். எங்கள் வார்டில் தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சு விட்டவர்களில் இரண்டும் இல்லாதவர் அபூர்வம்.

சத்தியவேடு_வாசகன்

நான் ஆந்திரா பார்டரில் இருக்கிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆந்திரா, தெலங்கானா பக்கம் கள்ளில் தூக்க மாத்திரையும் குளோரல் ஹைட்ரேட் என்ற மயக்க மருந்தும் கலந்து எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார்கள். அப்படிக் குடித்துப் பழகியவர் விடும்போது மதுவோடு அந்த மாத்திரையையும் சேர்த்து விடுகிறார், வலிப்பு இன்னும் கடுமையாகும். உங்கள் அண்ணன் தானே இறக்குவதை மட்டும் குடிக்கிறாரா, கள்ளு ஷாப்பிலும் குடிக்கிறாரா என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கம் பெண்கள் இதற்காகத் தெருவுக்கு வந்தார்கள். நெல்லூர் தூபகுண்டாவில் 1992இல் தொடங்கியது, மறுவருடம் சாராயம் தடை, 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் திரும்ப எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் போராட்டத்தில் நின்ற எங்கள் பெரியம்மா இன்றைக்குப் பேரனைக் கடை வாசலில் போய்த் தேடுகிறார்.

நெறியாளர்

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அந்தப் பேச்சை அங்கே தொடருங்கள். இங்கே ஒரு குடும்பம் முடிவெடுக்கக் காத்திருக்கிறது.

பதினோராவது_வருடம்

தம்பி, கூட்டிப் போக முடிவு செய்தால் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். மரம் ஏறி இறங்கி, முதல் சொம்பு உள்ளே போய் நடுக்கம் நின்ற அரை மணி நேரம். எனக்கு அந்த நேரத்தில்தான் வெட்கம் இருக்கும், வீடு ஞாபகம் வரும். மாமாமார் யாரும் வேண்டாம். நீங்கள் ஒருவர் போதும். திட்டாமல், 'கை நடுங்குது அண்ணா, மரத்துல இருந்து விழுந்துருவீங்கன்னு பயமா இருக்கு, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்ப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். என்னை என் அக்கா கூட்டிப் போனது கால் எரிச்சலுக்கு வைத்தியம் என்று சொல்லித்தான். அது பொய்யும் இல்லை, குடியால் வந்த எரிச்சல்தான் அது. இன்னமும் எனக்குப் பாதத்தில் உணர்ச்சி முழுதாக இல்லை. செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி என்றால் மானம் போய்விடும் என்று நினைப்பது உங்கள் வீடு மட்டும் இல்லை. 2019இல் வந்த தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்று இருந்தது. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14446க்குக் கூப்பிடுங்கள், போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண். கேரளத்தில் கலால் துறை நடத்தும் விமுக்தி மையங்களும் இருக்கின்றன.

எல்லைத்தம்பி (எட்டு நாள் கழித்து)

சேர்த்துவிட்டோம். அரசு ஆஸ்பத்திரியில். பதினோராவது வருடம் அண்ணா, நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பாளைக் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், 'கத்தியை நீ பிடி' என்று கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

டாக்டர் மலையாளத்தில் கேட்டார். அண்ணன் 'கொறச்சு கள்ளு மாத்ரம்' என்றார். நான் இரண்டு லிட்டரையும் குவார்ட்டரையும் மாலை போட்டபோது வந்த வலிப்பையும் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி ஃபேனைக் காட்டி, பானை நிறைஞ்சு வழியுது, இறக்கு, இறக்கு என்று கத்தினார். கட்டிலை மரம் என்று நினைத்துக் காலைப் பின்னி ஏறப் பார்த்தார். ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். சாளையில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ராத்திரி முழுக்க நினைத்தேன். ஐந்தாம் நாள் தெளிந்து, 'சாப்பிட்டியாடா' என்று கேட்டார்.

ஸ்கேனில் ஈரல் சொரசொரப்பாக இருக்கிறது, மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பிளேட்லெட் 92 ஆயிரம்தான், குறைவு. தழும்பு விழத் தொடங்கிவிட்டது, இனி ஒரு சொட்டு கூடாது என்றார்கள்.

கம்பம்_மகேஸ்வரி_அக்கா

சாமி, அந்த நேரத்தில் கூட்டிப் போனீர்களே, அது போதும். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், ஊறுகாய், அப்பளம் எல்லாம் எட்ட வையுங்கள்.

வார்டு_சிஸ்டர்

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, மரம் ஏறுகிறவர் என்பதால் சொல்கிறேன். கறுப்பாக மலம் போனால் காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். குடி நினைப்பைக் குறைக்க மருந்து உண்டு, ஆனால் ஈரலுக்குத் தகுந்ததை டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எல்லைத்தம்பி

ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. தினமும் இரண்டு வேளை அந்த வாசனையிலேயே நிற்க வேண்டும். கள் தொழிலாளர் நலநிதியில் உறுப்பினர், விட்டுவிட்டால் அதுவும் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

பதினோராவது_வருடம்

முதல் ஆறு மாதம் பானைப் பக்கமே போக வேண்டாம். நலநிதி விவரத்தை யூனியன் ஆபீஸில் நேரில் கேளுங்கள், நாமாகப் பயந்து முடிவு கட்ட வேண்டாம். மரம் ஏறத் தெரிந்தவருக்குத் தேங்காய் பறிக்க எந்தத் தோப்பிலும் கூலி உண்டு. அப்புறம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் கோவையில் தமிழில் நடக்கிறது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தொடங்கியது. காசு கிடையாது, மதம் கிடையாது. அண்ணிக்கும் அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான கூட்டம் உண்டு. முதல் ஞாயிறு நானே உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

தோப்புக்காரர்_ஆனைமலை

தேங்காய் பறிக்க எங்கள் தோப்புக்கு வரச் சொல்லுங்கள் தம்பி. 45 நாளைக்கு ஒரு வெட்டு. அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் நான் சொல்கிறேன். வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்கு இளநீர்தான் கொடுப்பேன், வேறு எதுவும் தோப்புக்குள் வராது.

எல்லைத்தம்பி (இரண்டு மாதம் கழித்து)

எல்லோரும் விசாரித்திருந்தீர்கள், பதில் போடத் தாமதமாகிவிட்டது.

34ஆம் நாள் ஒரு இழவு வீட்டில் குடித்துவிட்டார். பங்காளி ஒருவர் கையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அவரே வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னார். அண்ணி எனக்குப் போன் செய்தார், நான் உக்கடத்து அண்ணாவுக்குச் செய்தேன். அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குப் பிறகு இன்றோடு 26 நாள்.

ஆனைமலையில் இரண்டு தோப்பு வெட்டு முடிந்தது. கூலியை அண்ணி கையில் கொடுக்கிறார், எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ராத்திரி தூக்கம் சரியாக இல்லை, சட்டென்று கோபம் வருகிறது. மகள் இன்னும் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, அவள் நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

நாளை ஓ.பி. போக வேண்டும். அண்ணியும் வருகிறார். தனக்கும் தூக்கமில்லாதது பற்றிப் போன தடவை டாக்டரிடம் அண்ணி ஒரு வார்த்தை சொன்னார், அவருக்கும் தனியாக ஒரு சீட்டு போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.